முதல்நாட் சமையல்: பழஞ்சோற்றிலிருந்து உறைபெட்டி வரை

காலை உணவை முதல்நாளே ஆக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நிய நாகரிகத்தின் விளைவு என்றும், அடுப்படியில் நிற்க மனமில்லாத பெண்களின் சோம்பல் என்றும் கூறுவோர் எம்மிடையே இன்றும் பலர் உளர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருபது சான்ட்விச்சுகளைச் செய்து, ஒவ்வொன்றையும் தாளிற் சுற்றி உறைபெட்டியில் அடுக்குகிறாள் எனக் கேட்டவுடன் முகஞ் சுளிக்கிறோம். அக்கராயனில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒருத்தி இருளோடு எழுந்து, பாணுக்குள் சம்பலை வைத்துப் பிள்ளைகளுக்காக மூடிவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றால், "பாண் கொடுத்துப் பிள்ளை வளர்க்கிறாள்" என்ற பழிச்சொல்லை அவள் முதுகுக்குப் பின்னால் எறிகிறோம்.

இந்தப் பழிச்சொல்லுக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா? நாம் ஆராயப் புகுந்தது இதனையே. ஆராய்ந்து பார்க்குமிடத்து, முதல்நாட் சமையலின் வரலாறு சோம்பலின் வரலாறாகத் தோன்றவில்லை. மனிதருடைய காலைப் பொழுது எப்போது, யாருக்கு உரிமையாயிற்று என்பதன் வரலாறாகவே அது விரிகிறது.

தமிழில் இதற்குள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பத்துப்பாட்டில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தொழில் செய்யும் மக்களின் சிறுவர் பழஞ்சோற்றுத் திரளையைத் தின்று சலித்து, அதனை வெறுத்து, அவல் இடிக்கும் காட்சி வருகிறது. உரையாசிரியர்கள் சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டு அவ்விடத்தைக் கடந்து போவர். ஆனால் சமுதாய வரலாற்றை நாடுவோர்க்கு அந்தச் சிறு காட்சி பெருஞ் செய்தி ஒன்றைத் தருகிறது. பழஞ்சோறு உண்டு சலித்தவராக அப்புலவர் காட்டுவது அரண்மனைப் பிள்ளைகளை அன்று, உழைப்பாளியின் பிள்ளைகளை. விடிந்ததும் வயலுக்குப் போகவேண்டிய தாய் தந்தையரின் வீட்டில் காலையில் உலை கொதிப்பதில்லை. இரவு வடித்த சோறே காலைக்கும் உணவாகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த உண்மை மாறவில்லை.

பழஞ்சோற்றை வெறும் மிச்சச் சோறு என எண்ணுவது தவறு. இரவு மீந்த சோற்றை ஆறவிட்டு, அது முழுதும் மூழ்கத் தண்ணீர் வார்த்து, மண்சட்டியில் மூடி வைப்பர். இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலே வேலை செய்கின்றன. இலேசான புளிப்பு ஏறுகிறது. அப்புளிப்பே சோறு விரைவிற் கெட்டுப்போகாமற் காக்கிறது. எவ்வளவு தண்ணீர், எந்தச் சட்டி, எத்தனை நாழிகை என்பன பள்ளிக்கூடத்திற் கற்பிக்கப்படாத அறிவுகள். வெக்கை மிகுந்த வன்னி நிலத்தில் உணவைக் காக்கும் விஞ்ஞானத்தை எழுத்தறியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். அதற்கு ஒரு நூலும் இல்லை; அவர்களின் பெயரும் இல்லை.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு, பழஞ்சோற்றுக் குழையல். இரவு மிஞ்சிய சோற்றோடு மிஞ்சிய கறிகளையும் சேர்த்துப் பிசைந்து, தாயோ பாட்டியோ சட்டியைச் சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பாள். இன்று அதனைப் பழைய இன்பமாக நினைந்துருகிக் கவிதை எழுதுவோர் உளர். அந்த உருண்டை எதற்காக உருட்டப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டியில் இருப்பது கொஞ்சம், வாய்களோ பல. கோப்பையில் இட்டால் ஏற்றத்தாழ்வு தெரியும். உருண்டையாகக் கொடுத்தால் எல்லோருக்கும் சமமாய்ப் பங்கிடலாம். பற்றாக்குறையை நீதியோடு பகிர்ந்துகொள்ளத் தாய்மார் கண்ட வழியே அது.

அருவி வெட்டுக் காலத்தில் இவ்வேறுபாடு இன்னுந் தெளிவாகத் தெரியும். நிலமுடையோன் வீட்டிலே காலையில் பிட்டு அவியும். அரிவாளோடு வயலில் இறங்கிய கூலியாளுக்குப் பழந்தண்ணியும் வெங்காயமும் மிளகாயும். ஒரே வயலின் நெல்லை உண்பவர் இருவர். ஒருவர்க்குச் சூடான காலை உண்டு, மற்றவர்க்கு இல்லை. சூடான காலையுணவு என்பது ஒரு வகையிற் செல்வமே. உலை கொதிக்கும் வரை காத்திருக்க நேரமுள்ளவன், அல்லது தனக்காக இன்னொருவரைக் காத்திருக்கச் செய்ய வல்லவன், அச்செல்வத்தை நுகர்கிறான்.

சோற்றோடு இது முடிந்துவிடவில்லை. அரிசியை வறுத்து இடித்த பொரிமா, பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்திய ஒடியல், அவித்து உலர்த்திய புழுக்கொடியல், பனம்பழத்துக் களியைப் பாயிற் காயவிட்ட பினாட்டு, வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, இவையெல்லாம் நாளைய பசிக்கு இன்றே விடை தேடியவை. நெல்லை அவித்து உலர்த்திப் புழுங்கலாக்கும் முறையுங்கூட ஒரு முன்னேற்பாடுதான். வெயிலும் உப்பும் புளிப்புமே அக்காலத்து உறைபெட்டிகள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பைப் பல நாட்களுக்குச் சேமித்து வைத்த பொதி எனலாம்.

இனி மேல்நாட்டுப் பக்கம் சிறிது திரும்புவோம். சான்ட்விச் என்ற சொல் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படுவது 1762இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் எழுதிய நாட்குறிப்பில் என்பர். சான்ட்விச் என்னும் ஊரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய நான்காம் பிரபு ஜோன் மொண்டகுவின் பெயரே பண்டத்துக்கு வந்தது. சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, பாணுக்கிடையில் இறைச்சியை வைத்துத் தரும்படி அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. அவர் வரலாற்றை எழுதியவரோ, கடற்படை அலுவலில் மூழ்கிய அவர் எழுத்து மேசையிலேயே அவ்வாறு உண்டிருக்கலாம் என்பர். எது உண்மையாயினும், பிரபுவின் பெயர் பண்டத்துக்குக் கிடைத்தது. அதை உண்டு உயிர் வாழ்ந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

நூறாண்டு கழியுமுன் அப்பண்டம் தெருவுக்கு வந்துவிட்டது. இலண்டன் தெருவோரத் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்து 1851இல் நூலாக வெளியிட்ட ஹென்றி மேஹியூ, நாடகக் கொட்டகை வாசல்களில் ஒரு பென்னிக்குச் சான்ட்விச் விற்றுப் பிழைத்த ஏழைகளை விவரித்திருக்கிறார். அது ஆலைகளின் காலம். ஆலையின் சங்கு ஊதியதும் வாயிற்கதவு மூடப்படும். பிந்தி வந்தவனுக்குக் கூலி வெட்டு. சூரியனைப் பார்த்து எழுந்த மனிதன் கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டியவனானான். உட்கார்ந்து உண்ணும் உணவு, நடந்துகொண்டு உண்ணும் உணவுக்கு இடம் விட்டது. எம் பழஞ்சோறும் அவர்களின் பாணும் தோற்றத்தில் வேறுபட்டவை. இரண்டையும் தோற்றுவித்த அவசரம் ஒன்றே.

அதே அவசரத்தை ஆங்கிலத் துரைமார் கப்பலேற்றி எமது தீவின் மலைநாட்டுக்கும் கொண்டுவந்தனர். தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட மக்களைக் காலையில் எழுப்பியது தப்பின் ஒலி. பிரட்டுக் களத்தில் பேர் பதியுமுன் லயத்துப் பெண் எழுந்து, நெருப்பு மூட்டி, காலைக்கும் பகலுக்கும் சேர்த்து ஆக்கி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேற வேண்டும். பிற்காலத்தில் கோதுமை மா மலிவாகக் கிடைத்தபோது றொட்டியே அவளது காலைக்கு ஏற்ற உணவாயிற்று. கல்லில் விரைவாக வேகும். கறி இல்லாவிட்டாலும் சம்பலோடு இறங்கும். துணியில் முடிந்து கொழுந்துக் கூடையோடு எடுத்துச் செல்லலாம். நெடுநேரம் பசி தாங்கும். றொட்டியை மலைநாட்டு மக்களின் சுவை என்று சொல்லிவிடுகிறோம். தோட்டத்தின் வேலைநேரமே அச்சுவையை அவர்களுக்கு விதித்தது என்பதை ஏன் சொல்வதில்லை?

பாணின் கதையும் இதனோடு இணைந்ததே. பாண் என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஆயினும் நெடுங்காலம் அது பட்டினத்துக்கும் வசதியுள்ளோர்க்கும் உரிய பண்டமாகவே இருந்தது. கோதுமை விளையாத இத்தீவில் கோதுமை மா ஏழையின் அடுப்புக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் குறையை மாவைக் கொண்டு நிரப்பினர். அரிசிச் சோற்றைத் தவிர வேறொன்றையும் உணவென ஏற்காத குடும்பங்கள் சங்கக்கடை வாசலில் மாவுக்காகக் கூப்பனோடு நின்றன. ருசி மாறியதால் மா வரவில்லை. மா வந்ததால் ருசி மாறிற்று.

போர் முடிந்தும் மா போகவில்லை. 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தாலில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் ஆட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1970களில் அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்தது. விடியுமுன் பாண் வரிசையில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் பாரிய மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. அதன்பின் மாவே நாட்டின் காலைப் பொழுதுக்குப் பெரிதும் ஆதாரமாயிற்று. எனவே, ஒரு தாய் காலையில் பாணைக் கையிலெடுக்கும்போது அவள் ஒருத்தி மட்டும் அதைத் தெரிவு செய்யவில்லை. பர்மாவில் நடந்த போரும், உலகக் கோதுமைச் சந்தையும், அரசாங்கங்களின் விலைக் கொள்கையும் அவளுக்காக முன்னரே தெரிவு செய்துவிட்டன.

இப்பொதுவான வரலாறு வன்னியில் எவ்வாறு நடந்தது? அக்கராயன் என்ற குறுநிலத் தலைவனின் பெயரைத் தாங்கியதாக ஊர் மரபு கூறும் அக்கராயன்குளம், கிளிநொச்சி மாவட்டத்தின் பெருங் குளங்களுள் ஒன்று. காலபோகமும் சிறுபோகமும் அக்குளத்து நீரை நம்பியவை. 1936இல் யாழ்ப்பாணத்து நிலமற்றோரையும் வேலையற்றோரையும் குடியேற்றும் திட்டமாகக் கிளிநொச்சி உருவாயிற்று. காடு வெட்டிக் களனியாக்கிய அம்மக்கள் யாழ்ப்பாணத்துப் பிட்டையும் பழஞ்சோற்றுக் குழையலையும் தம்மோடு கொண்டுவந்தனர். பின்னர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்கள் தெற்கிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த தமிழரை வன்னிக்குத் துரத்தின. மலைநாட்டிலிருந்து வந்தோர் றொட்டிக் கல்லையும் கொண்டுவந்தனர். முன்னவர்க்குக் காணி இருந்தது. பின்னவருள் மிகப் பலர்க்கு அக்காணியிற் கூலி வேலையே கிடைத்தது. ஒரே கிராமத்தில் பிட்டுச் சட்டியும் றொட்டிக் கல்லும் அருகருகே இருந்தும், அவற்றுக்கிடையே காணி உறுதி என்ற வேலி நின்றது. அவ்வேலி இன்றும் முற்றாக விழவில்லை.

1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலம் முதல்நாட் சமையலுக்கு வேறோர் அர்த்தத்தைக் கற்பித்தது. மண்ணெண்ணெய் அருமையாயிற்று, மின்சாரம் இல்லை, சவர்க்காரம் முதற் பசளை வரை தட்டுப்பாடு. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியுமே பலரின் வாழ்வுக்கு ஆதாரம். 1996இல் கிளிநொச்சி நகரம் போர்க்களமானபோது அங்கிருந்து வெளியேறியோர் அக்கராயனிலும் கந்தபுரத்திலும் மரநிழல்களிற் கொட்டில் போட்டனர். வெதுப்பகம் என்ற நல்ல தமிழ்ப் பெயர் பலகைகளில் ஏறியதும் போராண்டுகளிலேதான். உள்ளே வெதுப்ப மா உண்டா என்பது அன்றன்றைக்குத் தெரியவரும்.

அந்நாட்களிற் பெண்கள் இரவில் றொட்டி சுட்டு அடுக்கி வைத்தது காலையில் வேலைக்குப் போவதற்காக மட்டுமன்று. காலையில் இதே இடத்தில் இருப்போமா என்பது தெரியாது. ஷெல் விழத் தொடங்கினால் அடுப்பை மூட்ட முடியாது. புகையே இருப்பிடத்தைக் காட்டிவிடும் என்ற அச்சமும் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய உணவே உணவு. 2008இன் பிற்பகுதியில் போர் அக்கராயனை அடைந்தபோது ஊர் முழுவதும் பெயர்ந்தது. கிளிநொச்சி 2009 ஜனவரியில் வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. எஞ்சியோர் முட்கம்பி முகாம்களில் மீண்டும் நிவாரண மாவைப் பிசைந்தனர். பாண் கொடுத்தும் றொட்டி கொடுத்தும் பிள்ளை வளர்த்த பெண்ணைப் பழிக்கும் நாவு, அந்தப் பாணும் றொட்டியும் எத்தனை பிள்ளைகளை உயிரோடு கரை சேர்த்தன என்பதை மறந்துவிடலாகாது.

ஊரைவிட்டுக் கடல் கடந்தோரின் சமையலறைக்கு இப்போது வருவோம்; உறைபெட்டியின் கதை அங்கேதான் எம் கதையோடு சேர்கிறது. உறைந்த உணவை வாணிகமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்சை என்னும் அமெரிக்கர். 1912 தொடக்கம் சில ஆண்டுகள் லாப்ரடோர் என்ற பனிநிலத்தில் வாழ்ந்த அவர், அங்குள்ள இனுவிற் மக்கள் பிடித்த மீனைக் கடுங்குளிரில் நொடியில் உறையச் செய்வதையும், மாதங்கள் கழிந்தபின் உருக்கினாலும் அது புதிதாகவே இருப்பதையும் கண்டார். விரைந்து உறைந்தால் பனிப்பளிங்குகள் சிறியனவாக அமையும், இழைகள் கிழியா. மெல்ல உறைந்தால் பளிங்குகள் பெருத்து இழைகளைக் கிழித்துவிடும். இவ்வுண்மையை இயந்திரமாக்கி, 1930இல் மாசச்சூசெற்ஸ் மாநிலக் கடைகளில் உறையுணவு விற்பனைக்கு வந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1928இல், வெட்டிய பாண் இயந்திரத்தின் வழியாகச் சந்தைக்கு வந்துவிட்டது. கண்டறிந்த மக்களுக்குப் பெயரில்லை. காப்புரிமை பெற்றவர்க்குப் பெயருண்டு. பழஞ்சோற்றுப் பெண்களின் கதையும் இதுவே அல்லவா?

1983க்குப் பின் பல்லாயிரம் எம்மவர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அகதிகளாயினர். கணவனும் மனைவியும் மாறிமாறித் தொழிற்சாலையில் முறை வேலை செய்தாலன்றி வீட்டு வாடகை கட்ட முடியாத நகரங்கள் அவை. அங்கே உறைபெட்டி ஆடம்பரப் பொருளன்று; வேலைக்குப் போவதற்கு வேண்டிய கருவி. துருவிய தேங்காயும் இடியப்பமும் பிட்டும் கறியும் அதனுள் அடுக்கப்பட்டன. பிள்ளைகள் அந்நாட்டுப் பாடசாலைகளிற் படிக்கத் தொடங்கியபோது சான்ட்விச்சும் அவற்றோடு சேர்ந்தது.

அச்செய்முறையிலும் நுணுக்கமான அறிவு உண்டு. முட்டையை அடித்துப் பரப்பிப் பொரித்து, பாணையும் இலேசாகச் சுட்டு, இரண்டையும் நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு சுற்றினால் ஆவி நீராகிப் பனியாய்ப் படியும்; உருகும்போது பாண் ஊறிப்போகும். பாணின் உட்பக்கம் வெண்ணெய் பூசினால் ஈரம் ஏறாது. தக்காளியும் வெள்ளரியும் இலைக்கறியும் ஆகா; அவற்றின் நீர் உறைந்து இழைகள் கிழிந்து குழைந்துவிடும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு இறப்பர்போலாகும். காற்றுப் புகாமல் ஒவ்வொன்றாகச் சுற்றி, நாளெழுதி, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் வைத்தால் சில வாரங்கள் சுவை குன்றாது. அதே பாணைக் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் விரைவில் விறைத்துவிடும். மாப்பொருள் இறுகுவதற்கு அக்குளிரே ஏற்றது. பழஞ்சோற்றுப் பானை நுண்ணுயிரைக் கூட்டாளியாக்கி இரவில் வேலை வாங்குகிறது. உறைபெட்டியோ எல்லா உயிர் இயக்கத்தையும் நிறுத்தி வைக்கிறது. பானைக்கு வேண்டியது நீரும் அனுபவமும். பெட்டிக்கு வேண்டியது இடையறாத மின்சாரமும் அதற்குக் கட்டப் பணமும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. உறைபெட்டி பெண்ணுக்கு விடுதலை தந்ததா? வாரத்தின் ஐந்து காலைகளில் அவளுக்குச் சிறிது மூச்சு விட நேரம் கிடைத்தது உண்மை. அதை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்தது. தொழிற்சாலை விடுப்பளித்த ஒரேயொரு நாளை அடுப்படி எடுத்துக்கொண்டது. வேலை ஒழியவில்லை, இடம் மாறிற்று. பழஞ்சோற்றுச் சட்டியில் தண்ணீர் வார்த்த அதே கைகளே இன்றும் சான்ட்விச்சைத் தாளிற் சுற்றுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளில் சட்டி மாறியிருக்கிறது, கை மாறவில்லை. இந்த மாறாமையே எம் கவனத்துக்குரியது.

இன்றைய அக்கராயனை நோக்குவோம். போருக்குப் பின் மின்கம்பங்கள் வந்தன, வீதிகள் வந்தன. அறிவியல் நகரில் ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பீடங்களும், மறு பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளும் எழுந்தன. கிராமங்களிலிருந்து இளம் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இருள் விலகுமுன் புறப்படுகின்றன. அவர்களுட் பலர் போரில் கணவனை இழந்தோர். குடும்பத்தைத் தனியே சுமப்போர். காலையில் மூன்றரைக்கோ நான்குக்கோ எழாவிடில் சமைக்க முடியாது, சமைத்தால் உறக்கமில்லை. வீட்டு வாசலில், இசை ஒலித்துக்கொண்டு வரும் பாண் முச்சக்கரவண்டி அவர்களின் காலைக்கு விடை சொல்கிறது. உறைபெட்டி வாங்க வல்லவர் சிலரே. வாங்கினாலும் மின்கட்டணம் அச்சுறுத்துகிறது.

இயந்திரத்தை மாத்திரம் நம்பும் விடை எவ்வளவு பலவீனமானது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. நாடு கடனிற் கவிழ்ந்தது. நாளில் பல மணிநேரம் மின்வெட்டு. சமையல் வாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசை. உக்ரேன் போரால் உலகச் சந்தையிற் கோதுமை விலை ஏற, எமது ரூபாயின் மதிப்புச் சரிய, பாணின் விலை கூலியாளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு விதித்த திடீர்த் தடையால் நெல் விளைச்சலும் குன்றியிருந்தது. அவ்வேளையிற் பல வீடுகள் விறகடுப்புக்கும் பழங்கஞ்சிக்கும் திரும்பின. சிலர் இதனை முன்னோர் வழிக்குத் திரும்பிய பெருமையெனப் பாராட்டினர். நாம் அவ்வாறு பாராட்ட மாட்டோம். விரும்பி உண்ணும் பழங்கஞ்சி வேறு. வேறு வழியின்றி உண்ணும் பழங்கஞ்சி வேறு.

இவையெல்லாம் வந்து சேருமிடம் பாடசாலை. ஆசிரியராகிய நாம் இதனைத் தினமும் காண்கிறோம். காலைப் பிரார்த்தனையில் தலைசுற்றிச் சாயும் மாணவியிடம் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், நிலத்தைப் பார்ப்பாள். வீட்டில் பாண் இருந்திருக்கும். தம்பிக்கும் தங்கைக்கும் பங்கிட்டபின் அவளுக்குத் தேநீர் மட்டும் மிஞ்சியிருக்கும். அம்மா தொழிற்சாலைக்குப் போனபின் அவ்வீட்டில் அவளே அம்மா. பதினான்கு வயதில் முதல்நாட் சமையலின் சுமை அவள் தோளுக்கு இறங்கிவிட்டது. அவளுக்கு யாப்பிலக்கணம் கற்பிக்கும் எமக்கு அவளது வயிற்றைப் பற்றிக் கவலையில்லை என்று எவ்வாறு சொல்ல முடியும்?

காலை உணவை வீட்டுக்குள் மட்டும் தீர்க்கவேண்டிய பிரச்சினையாக விடாத நாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புச் சிறுவர்க்குக் காலை உணவு வழங்கும் திட்டம் 2022 செப்டெம்பரில் மதுரையிலே தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவாயிற்று. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளியில் ஆவி பறக்க வைக்கப்படுகின்றன. இதன் பெருமை எந்தக் கட்சிக்கு உரியது என்பது எம் ஆராய்ச்சியன்று. உழைப்பாளியின் பிள்ளைக்கும் சூடான காலை உரிமையாகலாம் என்பதை அது நிறுவியிருக்கிறது; எமக்கு வேண்டிய செய்தி அதுவே. எமது நாட்டிலும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உணவுத் திட்டம் உண்டு. மேல்வகுப்பு மாணவியின் பசிக்கும் அதில் இடம் வேண்டும்.

அக்கராயனில் இதற்கு வேண்டிய யாவும் உள. குளத்து நீரில் விளையும் நெல் உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் உண்டு. அடுப்பும் அனுபவமும் உண்டு. ஊருக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் அமைந்து, அங்கே உழைப்போர்க்கு நியாயமான கூலி கிடைத்து, ஊர் அரிசியாலான பிட்டும் கஞ்சியும் பாடசாலைக்கும் தொழிற்சாலை பஸ்ஸுக்கும் போய்ச் சேருமானால், நூறு அடுப்புகளில் நூறு பெண்கள் இருளில் எழவேண்டிய தேவை குறையும். இருளோடு பெண்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைகள் அவர்களின் காலை உணவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? அவர்களின் காலை நேரத்தை வாங்கியவர்கள் அவர்களே அல்லவா?

வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் வேண்டும். அதற்கு எந்த அமைச்சின் சுற்றுநிருபமும் தேவையில்லை. பாணுக்குச் சம்பல் அரைக்கவும், றொட்டி சுடவும், பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் வார்க்கவும் ஆணின் கைக்கும் தெரியும், தெரியாவிடிற் கற்கலாம். எம் வகுப்பறையில் இருக்கும் பையன்கள் பெரும்பாணாற்றுப்படையின் சொற்பொருளோடு இதனையும் கற்றுக்கொண்டால், இலக்கியம் வாழ்வுக்குப் பயன்பட்டது என்று மகிழ்வோம்.

பழஞ்சோறாயினும், றொட்டியாயினும், உறைபெட்டியிலிருந்து எடுத்த சான்ட்விச்சாயினும், முதல்நாளே ஆக்கிய உணவில் இழிவு இல்லை. அது உழைப்பாளியின் உணவு. உலகின் ஆலைகளையும் தோட்டங்களையும் வயல்களையும் இயக்கிய உணவு. ஒருத்தியின் உறக்கத்தைப் பறித்து அதனைச் செய்வித்துவிட்டு, செய்தவளையே சோம்பேறி என்று ஏசுவதே இழிவு. காலையில் உலை கொதிக்கும் வரை காத்திருக்கும் நேரம் எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தைக் கேட்பது கூலி உயர்வு கேட்பதற்கு எவ்வகையிலும் குறைந்த கோரிக்கையன்று.